மணலில் விரித்த வீடுகள்

கொள்ளிடத்து மணலில் ஈர விரிப்பின் நான்கு மூலைக்கும் கல் வைக்கிற வேலையை, எங்கள் வீட்டிலேயே வளர்ந்த என் நாத்தனார் மகள் சின்ன வயதில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஸ்ரீரங்கத்து லாட்ஜ்களிலிருந்தும் சமயபுரத்து லாட்ஜ்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக வருகிற வெள்ளை விரிப்புகளை நாங்கள் ஆற்றில் அலசிப் பிழிந்து போடுவோம். அவள் ஓடி ஓடி இழுத்து, சுருக்கம் எடுத்து, மூலை கோணாமல் கல் வைப்பாள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆள் நடக்க வழி விடாவிட்டால் அழுதுவிடுவாள். "இவ இஸ்திரி போட்டுத்தான் காயவைப்பா போலருக்கு" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

படித்து முடித்துப் பெங்களூரில் மேப் போடுகிற வேலைக்குப் போனாள். கம்பெனி வேலை போக மிச்ச நேரத்தில் இன்னொரு மேப்பும் போடுவாள். அது யாருக்கும் சொந்தமில்லாத மேப்பாம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதில் வரையலாம், தப்பிருந்தால் திருத்தலாம், காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். அதை வரைகிற ப்ரோகிராமும் அப்படித்தான், முகம் தெரியாத பலபேர் சேர்ந்து எழுதிப் பொதுவில் வைத்ததாம். "நம்ம ஆறு மாதிரி அத்தை, யாரு வேணா இறங்கலாம்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். ஆற்றில் யார் யாரெல்லாம் இறங்குவார்கள் என்று பார்த்துப் பழகியவள் நான். அந்தப் பேச்சு அன்றைக்கு ஏனோ எனக்கு நல்லபடியாகப் படவில்லை.

அப்புறம் கையால் வரைவதும் குறைந்துபோயிற்று. மேலிருந்து எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரே பார்த்து, இது வீடு, இது வீடு என்று கட்டம் போட்டுக் கொடுக்குமாம். ஆள் உட்கார்ந்து சரி, சரி என்று தட்டினால் போதுமாம்.

போன கோடையில் வந்தவள், நம் தெருவைக் காட்டுகிறேன் என்று லேப்டாப்பைத் திறந்தாள். கொள்ளிடத்தை மேலிருந்து நான் பார்த்தது அன்றுதான். மணல் நடுவே வரிசை வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் வீடாம். கரையில் எங்கள் தெரு இருக்கிற இடத்தில் வேம்பும் புங்கனுமாகப் பச்சை மட்டும்தான். ஒரு வீடும் இல்லை. அவள் விரல் அப்படியே நின்றுவிட்டது. அடியில் இருக்கிற படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அத்தை, இது வீடு இல்ல. நம்ம பெட்ஷீட்டு."

"யாரு இப்படிப் போட்டது?"

"கம்ப்யூட்டர் போட்டது. சரின்னு தட்டினது நான்."

ஊர் ஊராகத் தள்ளிக்கொண்டு போகிற அவசரத்தில் எந்த ஆறு என்றுகூடப் பார்க்கவில்லையாம்.

விஷயம் பரவித் தெருவெல்லாம் சிரிப்பு. "லாட்ஜ்காரன் பெட்ஷீட்டுக்கு வீடு இருக்கு, எனக்கு இல்லையாடி? நான் போயி அதுலயே குடியிருந்துக்கறேன்" என்று எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று கத்தினாள். என் நாத்தனார் மகள் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து மணலில் இருந்த கட்டங்களை அழித்தாள். கையோடு தெருவில் நடந்து பார்த்து, மரத்தடியில் மறைந்திருந்த எங்கள் வீடுகளை ஒவ்வொன்றாக வரைந்தாள். வெள்ளம் வந்தால் படகுக்காரனுக்கு நாம் இங்கே இருப்பது தெரிய வேண்டாமா என்றாள்.

மழைக்கு முன்னால், ஆற்றை ஆக்கிரமித்தவர்களைக் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். சுவருக்குச் சுவர் சிவப்புப் பெயின்டில் எண் போட்டுக்கொண்டே வந்தார்கள். அதிகாரி கையில் இருந்த போனில் அதே மேப். வெளி ஆள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மறுபடி லீவுக்கு வந்திருந்த அவள்தான் வெளியே போனாள்.

"சார், ஆத்துக்குள்ள காட்டுனது வீடே இல்ல. காயப்போட்ட துணி. நான்தான் தப்பா ஒத்துக்கிட்டேன், நானே எடுத்துட்டேன்."

அவர் கோபப்படவில்லை. போனை அவள் பக்கம் திருப்பி நிதானமாகச் சொன்னார்.

"இதுல யாரு என்னிக்கு எதை மாத்துனாங்கன்னு எல்லாம் இருக்கும்மா, உங்களுக்கே தெரியும். முந்தி ஆத்துக்குள்ள வீடு, கரையில ஒண்ணுமில்ல. ஒரே நாள்ல உள்ள இருந்தது காணோம், கரையில வீடு முளைச்சிருக்கு. அப்ப என்ன அர்த்தம்? எல்லாரும் எழுந்து மேல வந்துட்டீங்க."

என் வீட்டுக்காரர் அவரைக் கூட்டிக்கொண்டு போய், சுவரில் துருப்பிடித்துக் கிடக்கிற கரன்ட் மீட்டரைக் காட்டினார். "எவ்வளவு வருஷமா ஓடுதுங்க பாருங்க."

"மீட்டரைக் கழட்டி மாட்டுறது பெரிய வேலைங்களா பெரியவரே?" என்றார் அவர், மரியாதையாகத்தான். "மழை முடியட்டும். இடிக்கிறதா வேண்டாமான்னு மேலிடத்துல பாத்துச் சொல்லுவாங்க." எங்கள் வாசல் சுவரிலும் எண் விழுந்தது.

தப்பை ஒத்துக்கொண்டு திருத்திவிட்டால் அதோடு தீர்ந்துவிடும் என்று சொல்லித்தான் அவளை வளர்த்தோம்.

மழை முடிந்துவிட்டது. எண் போட்டவர்கள் இன்னும் திரும்பி வரவில்லை. அவள் பெங்களூர் போகாமல் ஆபீஸ் ஆபீஸாக அலைகிறாள். மேப்பில் மட்டும் கை வைப்பதில்லை. இன்னொரு தரம் தொட்டால் அதற்கும் ஒரு அர்த்தம் சொல்வார்கள் என்கிறாள்.

போன வாரம் நாங்கள் துணி விரித்து நிமிர்ந்தபோது, தலைக்கு மேல் வண்டு மாதிரி ஒரு ரீங்காரம் கேட்டது. படம் எடுக்கிற ட்ரோன். மணல் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது.

"எடுங்கடி, எடுங்கடி! மறுபடியும் வீடுன்னு எழுதிடப் போறான்" என்று எதிர்வீட்டுக்காரி அலறினாள். கல்லைத் தள்ளிவிட்டு ஆளுக்கொரு பக்கமாகத் துணியை வாரத் தொடங்கினோம்.

"வாராதீங்க!" கரைமேலிருந்து என் நாத்தனார் மகள் கத்தினாள். "அது படம் எடுத்துக்கிட்டேதான் இருக்கு அத்தை. இப்ப வாரினா, ஆளுங்க வர்றதுக்குள்ள வீட்டைப் பிரிச்சுட்டாங்கன்னு சொல்லுவாங்க."

ஈரத் துணியின் நுனியைப் பிடித்தபடி நின்றுவிட்டோம். விரிப்பதா, மடிப்பதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தச் சத்தமும் நகராமல் எங்கள் தலைக்கு மேலேயே நின்றது.