தனி அடுப்புக்கு ஒரு சான்றிதழ்

ஊராருடைய வருமானத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. பாம்பன் தீவில் அக்காள்மடம் மெயின் ரோட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு இ-சேவை மையம். அதில் நான் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். சாதி, இருப்பிடம், வருமானம், பட்டா என்று யார் எது கேட்டாலும் பதிவு செய்து கொடுப்பேன். கல்லூரி உதவித்தொகைக்கு எத்தனையோ பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அடுத்தவர் பிள்ளைக்குப் போட்டால் அது கால் மணி நேர வேலை. என் மகள் அபிக்குப் போட உட்கார்ந்தேன், ஆடி மாதம் முழுக்கப் போய்விட்டது.

அபிக்கு மதுரையில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. உதவித்தொகை வந்தால் காலேஜ், வராவிட்டால் இறால் உரிக்கிற கம்பெனி. நடுவில் வேறு வழி கிடையாது. நான் கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றவள். உங்களில் என்னைப் போலத் தனியாகப் பிள்ளை வளர்த்து, இந்த விண்ணப்பத்தோடு மல்லுக்கட்டியவர்கள் இருந்தால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மறுபடியும் ரத்தக் கொதிப்பு ஏறும். மற்றவர்கள் படியுங்கள்.

சிவப்பு நட்சத்திரம்

முதல் பக்கத்திலேயே 'தந்தை பெயர்' என்று ஒரு பெட்டி, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நட்சத்திரம் இருந்தால் பெட்டியைக் காலியாக விடக் கூடாது. கோடு போட்டுப் பார்த்தேன், ஏற்கவில்லை. 'இல்லை' என்று அடித்தேன், ஏற்றுக்கொண்டது. உடனே, அந்த 'இல்லை' என்பவருக்குத் தொழில் என்ன, ஆண்டு வருமானம் எவ்வளவு என்று கேட்டது. அபியின் அப்பா ரயில் பாலத்து வேலைக்கு வந்தவர். வேலை முடிந்தது, போய்விட்டார். தாலியும் கட்டவில்லை, முகவரியும் கொடுக்கவில்லை. அவருடைய ஆண்டு வருமானத்தை நான் எங்கே போய் விசாரிப்பேன்?

உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். தாயின் பெயரிலேயே போடலாமாம். ஆனால் தாய்தான் குடும்பத் தலைவர் என்று வருமானச் சான்றிதழ் வாங்கி வர வேண்டுமாம். பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்கிற தங்கம்மா அக்கா ஆதார் நகலுக்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நான் தலையில் கை வைத்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "ஏதாச்சும் ஒரு பேரப் போட்டு விடு தாயி. கம்ப்யூட்டரு என்ன, அந்த ஆள நேர்ல பாக்கவா போகுது?"

எந்த வகைப் பெண்?

வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் போனேன். புருஷன் இல்லாத பெண்களில் மூன்று வகை உண்டு என்று அங்கே இருந்த கிளார்க் விளக்கினார். விதவை என்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டும். கைவிடப்பட்டவள் என்றால் முதலில் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். கல்யாணமே ஆகாதவள் என்றால் அதற்கும் சான்றிதழ் உண்டு. "அதையே குடுங்க சார்" என்றேன். அவர் என் பின்னால் நின்ற அபியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

நல்ல மனிதர்தான், கேலி பேசவில்லை. ஆனால் அவர் பார்த்த பார்வையில் அபி கூசிப்போய் வராண்டாவுக்குப் போய்விட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு அந்த ஆளு செத்திருக்கணும், இல்ல கட்டுன பொறகு ஓடியிருக்கணும். நீங்க ரெண்டும் இல்லாம வந்து நின்னா நாங்க என்னம்மா பண்றது?"

முதலாளியின் கையெழுத்து

என் வருமானத்துக்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். அதில் என்ன சிக்கல், முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கினால் போயிற்று என்று நினைத்தேன். அவர் தங்கமான ஆள். தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார், அபிக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். கடிதத்தை நானே தட்டச்சு செய்து, என் சம்பளத்தையும் உள்ளபடி போட்டு நீட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்து ஒரு தடவை, தள்ளி வைத்து ஒரு தடவை படித்தார். முகம் சுருங்கிவிட்டது.

"எதுவும் தப்பா அண்ணே?" என்றேன். கடிதத்தை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "தப்பில்ல தாயி. ஆனா இம்புட்டுக் கொறஞ்ச சம்பளத்த நாந்தான் குடுக்குறேன்னு எழுத்துல குடுத்தா, மொதல்ல என்னையத்தான் புடிச்சு உள்ள வைப்பாங்க."

புருஷன் இருக்கிறவர்

அதே வாரம் தங்கம்மா அக்கா தன் மகனுக்கு உதவித்தொகை போட வந்தது. சிவப்பு நட்சத்திரப் பெட்டியில் புருஷன் பெயரை ஜம்மென்று சொன்னது. எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன். அடுத்த பெட்டிக்கு வந்தோம்: தந்தையின் ஆண்டு வருமானம். அக்கா கூரையைப் பார்த்தது. அந்த ஆள் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். வாங்குகிற கூலி கரையிலேயே எங்கெங்கோ பிரிந்துபோய், மீதி இருந்தால் வீட்டுக்கு வரும்.

போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். அக்கா போட்டது. அந்தப் பக்கம் அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. அதை இங்கே எழுத முடியாது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது: "ஒனக்கென்ன மகராசி, ஒன் வரும்படிய மட்டும் சொன்னாப் போதும். நான் இந்த ஆளோட இத்தன வருசம் குடும்பம் நடத்தியும், அவரு எம்புட்டுச் சம்பாதிக்காருன்னு கவருமெண்டுக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

மதினி கொடுத்த கலர்

சம்பளக் கடிதமும் இல்லை, எந்த வகைப் பெண் என்பதும் முடிவாகவில்லை; கடைசியில் வி.ஏ.ஓ. நேரில் வந்து பார்ப்பது என்று ஆனது. இன்னொரு காரணம் ரேஷன் அட்டை. அதில் குடும்பத் தலைவர் என் அண்ணன். நானும் அபியும் அவருக்குக் கீழே இருக்கிறோம். அண்ணனுக்கு விசைப்படகில் பங்கு உண்டு. அந்த வருமானத்தையும் சேர்த்தால் உதவித்தொகை கிடையாது. உண்மையில், அபி பிறந்ததிலிருந்து அண்ணன் வீட்டில் யாருக்கும் எங்களோடு பேச்சு வார்த்தை கிடையாது. அய்யா கட்டிய வீட்டின் பின்கட்டில் நாங்கள் தனி, அவர்கள் தனி. எங்கள் பக்கம் ஒரு வாசலுக்குள் எத்தனை குடும்பம் என்பதற்கு அடுப்புதான் கணக்கு. அதனால் அன்றைக்கு விடிந்ததுமே என் அடுப்பைத் துடைத்து, சட்டி பானையெல்லாம் கண்ணில் படுகிற மாதிரி அடுக்கி வைத்திருந்தேன்.

வி.ஏ.ஓ.வின் பைக் சத்தம் கேட்டதும் அண்ணன் பெண்சாதி, என் மதினி, முந்திக்கொண்டார். நாற்காலி போட்டார், ஆள் அனுப்பிக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். "தனி அடுப்பா, ஒரே அடுப்பாம்மா?" என்று வி.ஏ.ஓ. கேட்டதுதான் தாமதம், "எங்க வீட்டுப் பொம்பளைய நாங்க தனியா விட்டுருவோமா சார்? எல்லாரும் ஒரே சோறுதான்" என்று ஒரே போடாகப் போட்டார். வி.ஏ.ஓ. 'கூட்டுக் குடும்பம்' என்று எழுதிக்கொண்டு, என் அடுப்பை எட்டிக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டார்.

எனக்கு அழுகை வந்தது. பாதி ஆத்திரம். மீதிப் பாதி, இந்த ஒரு வார்த்தையை அபியைப் பெற்றுத் தூக்கி வந்த அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்பது. நான் மதினியை முறைத்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் என்னைப் பார்த்துப் பேசினார்: "வெளியாளுக்கு முன்னால ஒன் மானத்தக் காப்பாத்தி விட்டுருக்கேன், நீ என்னடான்னா மொறைக்கிற!"

எங்கன போடணும்?

'தங்கையும் அவள் மகளும் தனியாக வாழ்கிறார்கள், நான் எந்த உதவியும் செய்யவில்லை' என்று அண்ணன் எழுதிக் கொடுத்தால் அறிக்கையை மாற்றுகிறேன் என்றார், நான் மறுபடி போய் முறையிட்டபோது வி.ஏ.ஓ. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. வெட்கத்தை விட்டு நான் அண்ணன் வாசலில் போய் நின்றேன். படகு கடலுக்குப் போகாத ஒரு நாளில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வி.ஏ.ஓ. ஆபீசுக்கு வந்தார். வந்தவர், வி.ஏ.ஓ. எழுதி வைத்திருந்ததைப் படித்ததும் கொதித்துவிட்டார். "கூடப் பொறந்தவளுக்கு ஒண்ணும் செய்யலைன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? ஊருக்குள்ள நான் தல நிமிந்து நடக்கவா வேணாமா சார்?"

அபி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வி.ஏ.ஓ. சாவகாசமாகப் பேனாவை மூடினார். "ரொம்ப நல்லதுண்ணே. அப்ப நீங்கதான் காப்பாத்துறீங்க. காலேஜ் பீஸு, ஹாஸ்டல் பீஸு எல்லாத்தையும் நீங்களே கட்டிருங்க. இந்த ஆத்தாளுக்கும் மகளுக்கும் அலைச்சல் மிச்சம்." அண்ணன் அபியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார். பிறகு கேட்டார்: "பேனா இருக்கா சார்? கையெழுத்து எங்கன போடணும்?"

சான்றிதழ் வந்தது, உதவித்தொகையும் வந்தது, அபி மதுரையில் படிக்கிறாள். என் அண்ணன் எங்களுக்கு ஒன்றுமே செய்ததில்லை என்று அவரிடமே கையெழுத்து வாங்கி, அதற்காக அவருக்கு நன்றியும் சொல்லிவிட்டு வந்த ஒரே தங்கை இந்தத் தீவில் நானாகத்தான் இருப்பேன்.