பூவாத்தா ஓடிய முதல் சுற்று

கண்ணுசாமி நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணையின் முட்டை வண்டி டிரைவர். ஆனால் எங்கள் தெருவில் 'பொட்டக் குதிரைக்காரர்' என்றால்தான் தெரியும். குதிரை வண்டிப் பந்தயத்துக்கு எல்லோரும் ஆண் குதிரை வாங்க, அவர் மட்டும் இருபது வருடமாகப் பெட்டையே வாங்குகிறார். "அது சொன்னாக் கேக்குமுங்க. ஆம்பளக் குதிரை ஊரையே வேடிக்கை பாக்கும்" என்பார். இதுவரை ஒரு முதல் பரிசுகூட வாங்கியதில்லை.

போன ஆடியில் அந்தியூர்க் குதிரைச் சந்தையில் பூவாத்தா என்ற பெட்டையை வாங்கினார். பல்லைப் பார்த்தார். குளம்பைத் தட்டினார். உடம்பிலுள்ள சுழிகளை விரல் வைத்துத் தேடினார். கெட்ட சுழி ஒன்றும் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் வேறு எதுவும் கேட்காமல் ஓட்டி வந்துவிட்டார்.

பண்ணையில் கீறல் விழுந்த முட்டைகளைக் கொடுத்துவிடுவார்கள். தினமும் பன்னிரண்டு முட்டையைக் கொள்ளில் கலந்து ஊட்டினார். மார்கழியில் பூவாத்தாவின் வயிறு கொஞ்சம் இறங்கியது.

"ஏனுங்க, சினையாட்டந் தெரியுதுங்க. டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்றார் அவர் மனைவி கோகிலவாணி.

"தெனம் ஒரு டஜன் முட்டை தின்னா உனக்குந்தான் வயிறு வரும், போ."

பொங்கல் பந்தயம் ஓமலூர்ப் பக்கம் நடந்தது. முதல் சுற்றில் பத்து வண்டிகள். அவற்றில் பெட்டை பூவாத்தா மட்டும். கமிட்டித் தலைவர் வேலுமணி மைக்கில் பேசினார். போன வருடம் ஒரு பெட்டையின் வாசனைக்கு இரண்டு குதிரைகள் முட்டிக்கொண்டு வண்டி கவிழ்ந்ததாம்.

"கடைசிச் சுத்துல பொட்டக் குதிரை ஜெயிச்சாச் சரிங்க. இல்லீன்னா அடுத்த வருசத்துலருந்து ஆம்பளக் குதிரைக்கு மட்டுந்தான் பந்தயம். பொட்டைக்கு அம்பது அடி முன்னால நிக்கச் சலுகை உண்டுங்க."

"சலுகை வேண்டாமுங்க" என்று கண்ணுசாமி வண்டியைக் கோட்டுக்கே கொண்டுவந்தார்.

"மாமா, சேலை கட்டிக் கூட்டியாந்திருக்கலாமே!" என்று பக்கத்து வண்டி வளவன் கத்தினான்.

"உன் குதிரை வெக்கப்படும்டா மாப்ள."

போக மூன்று கிலோமீட்டர், வர மூன்று. திரும்பும் இடத்தில் பூவாத்தா நான்காவதாக இருந்தது. பாலம் தாண்டியதும் ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் போனது. கண்ணுசாமி சாட்டையைத் தொடவே இல்லை. வளவனின் வெள்ளைக் குதிரையை இரண்டு வண்டி நீளத்தில் முந்தி முதலாவதாக வந்தது.

கடைசிச் சுற்றுக்கு முன் கால்நடை மருத்துவர் குதிரைகளைப் பார்ப்பது வழக்கம். பூவாத்தாவின் விலாவில் கை வைத்தவர் கையை எடுக்கவில்லை. பிறகு நீளக் கையுறை மாட்டிச் சோதித்தார்.

"அஞ்சு மாசத்துக்கு மேல இருக்கும். சினைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

கண்ணுசாமி சிரித்தார். மருத்துவர் சிரிக்கவில்லை. அப்புறம்தான் கண்ணுசாமிக்கு உறைத்தது. "முட்டைன்னுல்லங்க நெனச்சேன்" என்றார். அதையே இரண்டு தடவை சொன்னார்.

"இந்தச் சுத்துல ஒண்ணும் ஆகலை. இன்னொரு சுத்துக்கு நான் பொறுப்பில்லை. ஓட்டறது உங்க இஷ்டம்."

ஓட்டாவிட்டால் அடுத்த வருடம் எந்தப் பெட்டையும் அந்தக் கோட்டில் நிற்க முடியாது. அவருக்கு அது தெரியும். சுற்றி நின்ற எங்களுக்கும் தெரியும். மைக்கில் அவர் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். அவர் பூவாத்தாவின் கழுத்துப் பட்டையை அவிழ்த்து வண்டியிலிருந்து விலக்கினார்.

கடைசிச் சுற்றில் வளவன் ஜெயித்தான். வேலுமணி வழக்கம்போல நேரத்தை வாசித்தார். வாசித்துவிட்டுத் தாளைத் திரும்பப் பார்த்தார். முதல் சுற்றில் பூவாத்தா ஓடிய நேரம் அதைவிட ஏழு வினாடி குறைவு.

கோப்பையோடு வளவன் கண்ணுசாமியிடம் வந்தான். "மாமா, ரெண்டு உசுரு சேந்து ஓடுனா கணக்குல சேராதுங்க" என்று சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. கோப்பையை மண்ணில் வைத்துவிட்டுப் பூவாத்தாவுக்குத் தண்ணீர் வாளியைத் தூக்கிப் பிடித்தான்.

வேலுமணி சொன்ன சொல்லை மாற்றவில்லை. அடுத்த வருடம் ஆண் குதிரைகள் மட்டும் என்று அங்கேயே எழுதி வண்டிக்காரர்களிடம் கையெழுத்து வாங்கினார். கண்ணுசாமியிடமும் தாளை நீட்டினார்கள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. பூவாத்தாவின் விலாவில் காதை வைத்துக்கொண்டு, "பேசாதீங்க, கொஞ்சம் பேசாதீங்க" என்று எல்லோரையும் அடக்கிக்கொண்டிருந்தார்.