உட்கார்ந்த இடங்கள்

மதிலில் ஒட்டியிருந்ததை, தோளில் துப்பாக்கி மாட்டியிருந்த துவக்குக்காரர் நகத்தால் கிளப்பி எடுத்தார். விரல்களுக்கிடையில் வைத்து இழுத்தார். நீண்டது. விட்டதும் சுருங்கிக்கொண்டது. மூக்கருகே கொண்டுபோனார்.

"ரப்பர் பால்தான்" என்றார் சிங்களத்தில்.

"நான்தான் சொன்னேனே" என்றாள் வாசலில் நின்ற வீட்டுக்காரி. "தோட்டத்து ஆட்கள் வேலை. என் வீட்டு மதிலில் எதற்கு அடையாளம் வைக்க வேண்டும்?"

அவளுக்குப் பின்னால், கதவு வழியே, சீருடையில் ஒரு இளைஞனின் படம் தெரிந்தது. படத்துக்கு மேல் சின்ன விளக்கு எரிந்தது.

ரோட்டில் புருஷனோடு நின்ற இருளாயி பையைத் தோளிலிருந்து கைக்கு மாற்றினாள். மாற்றியிருக்கக் கூடாது. துவக்குக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"எங்கே போய் வருகிறீர்கள்?"

"ருவான்வெல்லைக்கு மாத்தயா."

"என்ன வேலை?"

"வேலை ஒன்றும் இல்லை. சும்மா நடக்கிறோம்."

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் எப்படிக் கேட்கும் என்று அவளுக்கு உறைத்தது. இரண்டாயிரத்து எட்டாம் வருடம். வன்னியில் சண்டை. பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. ஒரு தமிழ்ப் பெண்ணும் அவள் புருஷனும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையில்லாமல் ஒரு சிங்களக் கிராமத்தின் வழியே போவதும் வருவதும் சும்மா ஆகாது.

துவக்குக்காரர் பெயர் திலகசிறி. கிராமத்துக் காவலுக்கு அரசாங்கம் துவக்குக் கொடுத்து நிறுத்தியிருந்த ஹோம்கார்ட்களில் ஒருவர். ஐம்பது வயதிருக்கும். பையை வாங்கித் திறந்தார். ஒரு துவாய், இலையில் சுற்றிய ரொட்டி, தண்ணீர்ப் போத்தல். அடியில் ஒரு மருந்துப் போத்தல். அதன் மூடியைத் திருகியதும் முகத்தைச் சட்டென்று பின்னால் இழுத்தார்.

"அமோனியா போட்டிருக்கிறாய்."

"போடாவிட்டால் உறைந்துவிடும் மாத்தயா."

"அது எனக்குத் தெரியும். எனக்கும் நாலு மரம் இருக்கிறது. தோட்டத்துப் பால் இவ்வளவு தூரம் எதற்கு வந்தது?"

அவள் புருஷன் கன்னையா ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றார். கெட்ட கால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. அவர் வாய் திறப்பதற்குள் இருளாயி சொன்னாள்.

"இது இவர் உட்கார்ந்த இடம் மாத்தயா."

யட்டியாந்தோட்டைக்கு மேலே, ரப்பர் மலையில், இருளாயி பால் வெட்டுகிறவள். கல்யாணத்துக்கு முன்பே கத்தி பிடித்தவள். பாதி மலை வெட்டும்போது மழை வந்துவிட்டால் கடைசியாக வெட்டிய மரத்தில் ஒரு சொட்டுப் பாலைத் தடவிவிட்டு வருவாள். மறுநாள் தேட வேண்டியதில்லை. பால் காய்ந்து மரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு அடுத்த மரத்தில் கத்தியை வைப்பாள்.

கன்னையா வாளியோடு சரிவில் இறங்கும்போது சறுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். உள்ளே இரும்புத் தகடு வைத்தார்கள். ஒரு வருடம் படுக்கை. கோல் இல்லாமல் நடப்பது சந்தேகம் என்றார் டாக்டர். அன்றைக்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் இருளாயி வேண்டிக்கொண்டாள். இவர் எழுந்து நடந்தால் இரண்டு பேரும் கதிர்காமத்துக்கு நடந்தே வருகிறோம்.

கன்னையாவிடம் அவள் கேட்கவில்லை. அவர் கோலைத் தூக்கிப் போட்ட பிறகுதான் சொன்னாள்.

"நடக்குறது நானு. வேண்டிக்கிறது நீயா?" என்றார் அவர். "முருகன்கிட்ட பஸ்ஸுல வாறோம்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"பஸ்ஸுல போறதுக்கு எதுக்குங்க சாமி? காலு குடுத்தவருக்குக் காலாலதான் போகணும்."

ஒவ்வொரு வருடமும் தோட்டத்திலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு கதிர்காமத்துக்கு நடக்கிறவர் இராமசாமி. முந்திய வருடம் தணமல்வில வெயிலில் ஒருவர் விழுந்து, கூட்டம் முழுவதும் அவரோடு கிடக்க வேண்டியதாகிவிட்டது. அதனால் இந்த வருடம் ஒரு சட்டம் வைத்தார். கூட்டத்தில் சேர நினைக்கிறவர் முதலில் ருவான்வெல்லைக்கு நடந்து போய்த் திரும்பி வர வேண்டும். வழியில் நிற்கலாம், தண்ணீர் குடிக்கலாம், உட்காரக் கூடாது.

"சாமி தூக்கிட்டுப் போவாருன்னு வராதீங்கப்பா" என்றார். "சாமி தூக்கமாட்டாரு. நாங்கதான் தூக்கணும்."

சித்திரை வருடப்பிறப்பு முடிந்ததும் இருளாயியும் கன்னையாவும் நடக்கத் தொடங்கினார்கள். ஞாயிறுதோறும். முதல் ஞாயிறு தோட்டத்துக் கேட் வரைக்கும்தான். அங்கே கன்னையா கல்லில் உட்கார்ந்துவிட்டார். இருளாயி மரத்தில் தடவுகிற மாதிரி அந்தக் கல்லில் பாலைத் தடவினாள். "அடுத்த கிழமை இதத் தாண்டணும்." அப்படியே பள்ளிக்கூடத்து வளைவு, ஓயா ஆற்றுப் பாலம், கித்துல் மரம், பஸ் நிற்கிற கொட்டகை. போன ஞாயிறு இந்த மதில்.

இன்றைக்கு அவர் மதிலைத் தாண்டினார். ருவான்வெல்லைக் கடைவீதி வரை போய், ஒரு கடை வாசலில் நின்றபடியே தேநீர் குடித்து, திரும்பி இங்கே வரைக்கும் வந்துவிட்டார். இன்னும் உட்காரவில்லை.

இதையெல்லாம் இருளாயி சிங்களத்தில் சொன்னாள். நல்ல சிங்களம். திலகசிறி பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். வீட்டுக்காரி நம்பவில்லை.

"உட்கார்ந்த இடத்துக்கெல்லாம் அடையாளம் வைக்கிறவர்களை நான் கண்டதில்லை" என்றாள். "பொலிசுக்குச் சொல்லுங்கள்."

திலகசிறி போத்தலை மூடித் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். "வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறாய்?"

"தோட்டத்துக் கேட். பள்ளிக்கூடத்து வளைவு. கித்துல் மரம். பஸ் கொட்டகை. இது."

பாலத்தை அவள் சொல்லவில்லை. வேண்டுமென்று விடவில்லை, நாக்கு தாண்டிப்போய்விட்டது. பாலத்தின் முனையில் கிராமம் முழுவதற்கும் கரண்ட் போகிற ட்ரான்ஸ்போமர் நிற்கிறது. அதற்குக் கீழே, கைப்பிடிச் சுவரில்தான் அந்தப் பால். வைத்த அன்று மழை பெய்துகொண்டிருந்தது. மேலே என்ன நிற்கிறது என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஐடென்டி."

இரண்டு அடையாள அட்டைகளையும் கொடுத்தார்கள். கன்னையாவின் அட்டை இன்னும் புதிதாக மின்னியது. பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அவருக்கு அட்டை. அதற்கு முன்பு அவர் எந்த நாட்டு ஆள் என்பதற்கு அவரிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இருந்ததில்லை. திலகசிறி இரண்டையும் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"எல்லாவற்றையும் அழித்துக்கொண்டே போங்கள். நான் பின்னால் வருகிறேன். அட்டைகளை உங்கள் தோட்டத்துக் கேட்டில் வைத்துத் தருகிறேன். வழியில் எங்கேயும் உட்காரக் கூடாது. இவர் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இவ்வளவும்."

அட்டை இல்லாவிட்டால் கதிர்காமம் இல்லை. சோதனைச்சாவடி இருக்கிற அவிசாவளையைக்கூடத் தாண்ட முடியாது. இருளாயி மதிலில் மிச்சமிருந்ததைச் சுரண்டி உருட்டினாள். வீட்டுக்காரி அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

திலகசிறி சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். சக்கரம் டிக் டிக் என்றது. அவர்கள் நின்றால் அதுவும் நின்றது. பஸ் கொட்டகையில் இருந்தவர்கள் இருளாயி சிமெந்து இருக்கையைக் கல்லால் உரசுவதைக் கால்களை விலக்கிக்கொண்டு பார்த்தார்கள். ஒருவன் என்னவோ சொன்னான். இன்னொருவன் சிரித்தான்.

கித்துல் மரத்தடியில் அவர் கேட்டார். "கதிர்காமத்துக்கா?"

"ஆமாம் மாத்தயா."

"நான் பஸ்ஸில் போயிருக்கிறேன். அதுவே தூரம்."

கன்னையா முன்னால் போனார். கெட்ட கால் ஒவ்வொரு தடவையும் வெளிப்பக்கமாக வட்டம் போட்டு வந்து விழுந்தது. காலையில் அந்த வட்டம் சின்னதாக இருந்தது. இப்போது பெரிதாகிவிட்டது.

பாதை இறங்கியது. கீழே ஓயாவின் சத்தம் கேட்டது. திலகசிறி கண்முன்னே அந்தப் பாலைச் சுரண்டினால், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பார். ட்ரான்ஸ்போமரை நிமிர்ந்து பார்ப்பார். பிறகு தோட்டத்துக் கேட்டுக்கு வரமாட்டார், பொலிசுக்குத்தான் போவார். சுரண்டாமல் விட்டால் நாளைக்கு யாராவது காண்பார்கள். பால் வைத்தது யார் என்று இன்றைக்கு இந்தப் பாதை முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

கன்னையாவை எட்டிப் பிடித்து, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள். "பாலத்துல ஒண்ணு இருக்குங்க. நான் சொல்லல."

அவருக்குக் கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை.

பாலத்தின் முனைக்கு வந்ததும் கன்னையா உட்கார்ந்தார்.

தடாலென்று, கைப்பிடிச் சுவரில், தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. முகம் சாம்பலாக இருந்தது. இருளாயிக்கு முதலில் தோன்றியது அட்டையும் அல்ல, பாலும் அல்ல. உட்கார்ந்துவிட்டாரே என்பதுதான்.

"நகிட்டின்ன!" திலகசிறி சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் துவக்கைத் தோளிலிருந்து இறக்கினார். "எழும்பு! இந்த இடத்தில் இருக்கக் கூடாது!"

"காலு மாத்தயா" என்றார் கன்னையா. பயத்தில் அவருக்குச் சிங்களம் வரவில்லை. "காலு."

திலகசிறி பக்கத்தில் வந்தார். அப்போதுதான் கன்னையாவின் மற்றக் கையை இருளாயி கவனித்தாள். அது அவருக்குப் பின்னால், இடுப்பில் உடுத்திருந்த சாரத்துக்கு அடியில் இருந்தது. முழங்கை இலேசாக அசைந்துகொண்டிருந்தது.

அவள் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"இரும்பு வைத்த கால் மாத்தயா. அடித்தாலும் எழும்பாது. கொஞ்சம் தண்ணீர் கொடுக்கிறேன்." பையைத் திறந்து துவாயை எடுத்தாள், மடித்தாள், திரும்ப உள்ளே வைத்தாள். பிறகுதான் தண்ணீர்ப் போத்தல் கைக்கு வந்தது. கன்னையா வாயில் ஊற்றினாள். பாதி நெஞ்சில் வழிந்தது. அவர் இருமினார். இருமி முடிக்கிற வரைக்கும் அவள் விலகவில்லை.

"போதும்" என்றார் திலகசிறி.

கன்னையா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சுவரில் ஈரம் மட்டும் இருந்தது. திலகசிறி சுவரைப் பார்த்தார். அண்ணாந்து ட்ரான்ஸ்போமரைப் பார்த்தார். கன்னையாவின் மூடிய கையைப் பார்த்தார். சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார்.

"யமு" என்றார். போகலாம்.

பள்ளிக்கூடத்து வளைவில் இருந்ததை இருளாயி சுரண்டினாள். கேட்டில் கல்லில் இருந்ததை உரிக்க முடியவில்லை. முதல் ஞாயிறு வைத்த பால், வெயிலில் கறுத்துக் கல்லோடு கல்லாகியிருந்தது. திலகசிறி தன் கத்தியை எடுத்து அவரே அதைச் சுரண்டினார். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்றி, அட்டைகளில் இருந்த படங்களையும் அவர்கள் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். கொடுத்தார். மருந்துப் போத்தலில் இருந்த பாலை ரோட்டோரக் கானில் ஊற்றி, வெறும் போத்தலை அவளிடம் நீட்டினார்.

"நடக்கிறதென்றால் நட" என்றார். "எழுதிக்கொண்டு நடக்காதே."

அவர் தலை மறைந்த பிறகு கன்னையா கையை விரித்தார். கறுத்த ரப்பர் உருண்டை. ஒரு நகம் பாதியாகக் கிழிந்து இரத்தம் உறைந்திருந்தது.

"காலு நெசமாவே போச்சுன்னு நெனைச்சுட்டேங்க."

"நெசமாத்தான் போச்சு" என்றார் அவர். "உக்காந்த பொறகுதான் பால் ஞாபகம் வந்துச்சு."

மறுநாள் திங்கட்கிழமை மழை இல்லை. இருளாயி தன் மலையை முழுவதும் வெட்டினாள். பாலை எடுத்துக்கொண்டுபோய் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்தபோது கன்னையா வெந்நீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது.

பின்னேரம் இராமசாமி வந்தார். இருளாயி காலையில் மலையில் சொன்னது முழுவதும் ஏற்கெனவே அவர் காதுக்குப் போயிருந்தது.

"உக்காந்தியா?" என்று மட்டும் கேட்டார்.

"உக்காந்தேன். பாலத்துல."

"பால சொரண்டவா, காலு முடியாமலா?"

இருளாயி கன்னையாவைப் பார்த்தாள். கன்னையா வாளியைப் பார்த்தார்.

"காலுதாண்ணே."

"அப்ப இந்த வருசம் வேணாம்ப்பா" என்றார் இராமசாமி. "அடுத்த வருசம் பாப்போம்."

இருளாயி தேநீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுப் போனார். அவள் மருந்துப் போத்தலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அமோனியா மணம் போகவில்லை. இரண்டு அட்டைகளையும் முருகன் படத்துக்குப் பின்னால் செருகினாள். வருகிற ஞாயிறு ரோட்டுப் பக்கம் போகாமல் தோட்டத்துக்குள்ளேயே மேல்மலை வரைக்கும் நடப்பது என்று பேசிக்கொண்டார்கள். இருட்டுவதற்கு முன்பு மழை வந்தது.