கை நுழையாத டூல்

இரும்பையும் தகரத்தையும் அசையாமல் பிடித்து வைக்க எங்கள் தொழிலில் ஆயிரம் வழி உண்டு. எங்கள் டூலை வாங்கிக்கொண்டு போகிற மனுஷனைப் பிடித்து வைக்கத்தான் ஒரு வழியும் கிடையாது. என்னைப் போல ஜிக், ஃபிக்சர், பிரஸ் டூல் என்று வரைந்து வரைந்து கண்ணைக் கெடுத்துக்கொண்ட சகோதரர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். என் வீட்டுக்காரிக்கே புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

அம்பதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரி பஜாரில், மிளகு கிட்டங்கிகளுக்கு நடுவில் நானும் அந்தோணி என்கிற ஃபிட்டரும் சேர்ந்து ஒரு பட்டறை வைத்திருந்தோம். நான் பாலக்காட்டு ராவுத்தர், அவன் உள்ளூர்க்காரன். வரைவது என் வேலை, வரைந்ததை இரும்பில் கொண்டுவருவது அவன் வேலை. அரம் பிடிக்காத நேரத்தில் என் படத்தைக் குற்றம் சொல்வதும் அவன்தான்.

சாமான் இல்லாத கடை

பட்டறை திறந்த புதிதில் பக்கத்துக் கிட்டங்கி சேட் ஒரு தராசுத் தண்டைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். கொக்கி மாட்டுகிற ஓட்டை தேய்ந்து போயிருந்தது. பக்கத்தில் புதிதாக ஒன்று போட்டுத் தரவேண்டுமாம். முதல் வாடிக்கையாளர் ஆயிற்றே என்று உட்காரவைத்து, சாயா வரவழைத்து, நானும் வாய் ஓயாமல் விளக்கினேன். "சேட்டு, நாங்க ஓட்டை போடறவங்க இல்லை. ஆயிரம் தண்டு வந்தாலும் எல்லாத்திலயும் அதே இடத்துல ஓட்டை விழணும், அதுக்குத் தண்டைப் பிடிச்சு வெக்கிற சாதனம் செய்யறவங்க."

"எனக்குத் தராசு ஒண்ணுதானே?" என்றார். அதுவும் சரிதான். சரி, மூடி, கீல், குடைக்கம்பி எதாவது செய்கிற கம்பெனிக்காரர் தெரிந்தால் சொல்லுங்கள், அதைச் செய்கிற டூலை நாங்கள் செய்வோம் என்றேன். மூடி உண்டா என்று கேட்டார். இல்லை. கீல்? இல்லை. அந்தோணி அதற்குள் பேசாமல் தண்டை வாங்கி ஓட்டையைப் போட்டே கொடுத்துவிட்டான். சேட் பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாசலில் நின்று சொன்னார்: "காலையிலேர்ந்து இவ்வளவு சத்தம் போடறீங்க, உள்ளே விக்கிறதுக்கு ஒரு சாமான்கூட இல்லையே!"

குத்தி போன கதை

இடப்பள்ளியில் குஞ்ஞப்பன் சேட்டன் என்று ஒருவர் கதவுக் கீல் செய்துகொண்டிருந்தார். கீலில் திருகாணி ஓட்டை இருக்கிறதே, அதன் வாய் ஒரு பக்கம் மட்டும் அகலமாக இருக்கவேண்டும், அப்போதுதான் ஆணித் தலை உள்ளே உட்காரும். தகட்டைத் திருப்பி வைத்துத் துளைத்துவிட்டால் போச்சு, குப்பைதான். அதனால் தகட்டைப் பிடித்துக்கொள்ள நான் செய்துகொடுத்த ஃபிக்சரில் ஒரு மூலையில் முளை மாதிரி சின்னதாக ஒரு குத்தி வைத்திருந்தேன். தகட்டைச் சரியாக வைத்தால் உட்காரும்; திருப்பி வைத்தால் குத்தி இடிக்கும், உட்காராது. என் வேலையில் எனக்கே ரொம்பப் பிடித்துப்போன குத்தி அது.

ஒரு மாதம் கழித்து அவர் ஒரு சாக்கு நிறையக் கீலோடு வந்து இறங்கினார். பாதிக்குப் பாதி தப்பான பக்கம் துளைத்திருந்தது. எனக்குத் தலை சுற்றியது. இது நடக்கவே முடியாதே! "ஃபிக்சரைக் கொண்டாங்க" என்றேன். கொண்டுவந்தார். குத்தியை ஹாக்ஸா போட்டு அடியோடு அறுத்து, அரம் போட்டு வழவழவென்று ஆக்கியிருந்தார்கள். "இதை யாரு வெட்டினா?" என்று கத்தினேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "எங்க பையன்மாருதான். தகட்டை வெக்கும்போது சில நேரம் அது இடிக்குதுன்னாங்க."

இடிப்பதற்குத்தானே ஐயா அதை வைத்தேன்! அந்தோணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். குஞ்ஞப்பன் சேட்டன் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார், பாவம். கடைசியில் சொன்னார்: "குத்தி இருந்தப்போ வேலைக்காரங்க ஏசினாங்க, இப்போ வாங்கினவங்க ஏசறாங்க. முன்னாடி ஏசினதே சுகமாயிருந்தது, கேட்டோ."

ரெண்டு கை

இனிதான் என் வீட்டு விவகாரம். என் மனைவி சல்மாவின் தம்பி காசிம், பள்ளுருத்தியில் வர்க்கி முதலாளியின் தகரப் பட்டறையில் பிரஸ் ஓட்டினான். எண்ணெய் டின்னுக்கு மூடி அடிக்கிற பிரஸ். வட்டமாக வெட்டிய தகரத்தைக் கையால் உள்ளே வைக்க வேண்டும், காலால் மிதிக்க வேண்டும், மேலேயிருந்து பஞ்ச் என்கிற இரும்புக் கட்டை இறங்கி மூடியாக்கும், கையால் எடுக்க வேண்டும். கை உள்ளே போகும்போது கால் தப்பி மிதித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. காசிமுக்கு முன்னால் அந்தப் பிரஸ்ஸில் இருந்தவர் படகுத்துறையில் ஒரு கையால் கடலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

காசிமோ ஹார்மோனியக்காரன். சாயங்காலமானால் அவன் வேறு ஆள். மட்டாஞ்சேரியில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் அவன் பெட்டி இல்லாமல் பாட்டு இல்லை. நீளமான, மெலிந்த விரல்கள். அந்த விரலைத்தான் அவன் பகல் முழுக்க அந்தப் பிரஸ்ஸுக்குள் நீட்டிக்கொண்டிருந்தான். சல்மா வேறு, "ஊருக்கெல்லாம் டூல் செய்யறீங்க, எந் தம்பி கைக்கு ஒரு வழி செய்யக்கூடாதா?" என்று சோறு போடும்போதெல்லாம் கேட்பாள்.

வர்க்கி முதலாளி கெட்ட மனுஷர் இல்லை. போய்ச் சொன்னதும் கேட்டுக்கொண்டார். கால்மிதியை எடுத்துவிட்டு, பிரஸ்ஸின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிடி வைத்தேன். இரண்டு பிடியையும் சேர்த்து அழுத்தினால்தான் பஞ்ச் இறங்கும். இரண்டு கையும் பிடியில் இருந்தால் உள்ளே போக மூன்றாவது கை ஏது? முதலாளி பிடியைத் தொட்டுப் பார்த்தார், காசிமைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல்லாம் நல்லதுதான். ரெண்டு கையும் பிடிச்சுக்கிட்டே நின்னா, வேலையை எந்தக் கை செய்யும் ராவுத்தரே?"

கயிறு

இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். அப்புறம் ஒரு நாள் மத்தியானம் அந்தப் பக்கம் போன வேளையில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். காசிம் வலது கையால் தகரத்தை வைக்கிறான், அதே கையால் பிடியை அழுத்துகிறான், பஞ்ச் இறங்குகிறது. இடது கையில் பீடி.

இடது பிடியை என்ன செய்தான் என்கிறீர்களா? சகோதரர்களே, உங்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். நல்ல கயிறாகப் பார்த்து, பிடியைக் கீழே இழுத்துப் பிரஸ்ஸின் காலோடு கட்டி வைத்திருந்தான். கயிற்றுக்கா நம் ஊரில் பஞ்சம்! தோணி கட்டுகிறவன் தோற்றுப்போவான், அப்படி ஒரு முடிச்சு. எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே நின்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். வேலை செய்கிறவர்கள் எல்லாரும் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். உண்மையில் கோபமில்லை அது, பயம். காசிம் பீடியை அணைத்துக் காதில் சொருகிக்கொண்டு, நான் மூச்சு வாங்குகிற வரை மரியாதையாகக் காத்திருந்து சொன்னான்: "இந்தப் பிரஸ்ல நிக்கிற எல்லாரும் இப்படித்தான் கட்டுவாங்க மச்சான், நான் கட்டினதுதான் இறுக்கமா இருக்கு."

மோதிர அளவு

அன்றைக்குத் தீர்மானித்தேன். மனுஷனைத் திருத்துகிற டூல் எனக்கு வரையத் தெரியாது. கையே நுழைய முடியாத டூல் வேண்டுமானால் வரையலாம். பஞ்ச்சைச் சுற்றி ஒரு பெட்டி, முன்னால் ஒரு கீறல் மாதிரி வாய். தகரத்தை ஒரு மரச்சட்டத்தால் அந்த வாய்க்குள் தள்ளவேண்டும். அடித்து முடித்த மூடி தானாகக் கீழே கூடையில் விழுந்துவிடும், எடுக்கக் கை போகவேண்டாம். பிடிகளைக் கழற்றிவிட்டுப் பழைய கால்மிதியையே மாட்டினால் போதும், மிதித்தால் மிதிக்கட்டும். எல்லாம் சரி, வாய் எவ்வளவு இருக்கலாம்? சட்டம் போகவேண்டும், காசிமின் விரல் போகக்கூடாது. அவனுக்கோ மெலிந்த விரல்.

அளந்துவிட்டால் தீர்ந்தது என்று ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தட்டான் மோதிரத்துக்கு அளப்பதுபோல ஓட்டை போட்ட அட்டை ஒன்றை எடுத்து, "கையை நீட்டு" என்றேன். ஒவ்வொரு விரலாக நுழைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். காசிமுக்குக் காது வரை சிவந்துவிட்டது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த சல்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு பின்வாசல் வழியாகப் போனாள். ஏன் போகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அசர் தொழுகைக்குள் என் மாமியார், பெரிய மாமியார், அடுத்த வீட்டுக்காரி என்று கூடத்தில் ஒரு கூட்டம். தட்டில் அலுவா வேறு. நான் பெட்டியையும் பஞ்ச்சையும் பற்றிச் சொல்லி முடித்ததும் அடுத்த வீட்டுக்காரி எழுந்துகொண்டாள். சல்மாதான் அலுவாத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டே கேட்டாள்: "பத்து விரலையும் அளந்தீங்களே, அப்போ பொண்ணு எங்கே?"

நம்பாத டூல்

டூலை மாட்டியது முதல் காசிமுக்குப் பிடிக்கவில்லை. பெட்டி மறைக்கிறது, சட்டம் வழுக்குகிறது என்று தினம் ஒரு புகார். குஞ்ஞப்பன் சேட்டனின் குத்தி ஞாபகத்தில், பெட்டியை வெளியிலிருந்து கழற்ற முடியாதபடி ஆணியையெல்லாம் உள்பக்கமாக வைத்திருந்தேன். அந்தோணிகூட, "இது பிரஸ் டூலா, பேங்கு லாக்கரா?" என்று கேட்டான். முதலாளி மட்டும் கூடை நிறைகிறதா என்று பார்த்தார், நிறைந்தது, போய்விட்டார். காசிம் ஒரு நாள் பட்டறைக்கே வந்து கேட்டுவிட்டான்: "இவ்வளவு பெரிய பெட்டியா? உங்க டூலுக்கு எம் மேலே கொஞ்சம்கூட நம்பிக்கை இல்லையா மச்சான்?"

ஒரு மூடி

மழைக்காலம் தொடங்கின ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தேன். காசிம் நனைந்துகொண்டே வந்தான். சலாம் சொன்னான், உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு டின் மூடியை எடுத்து என் முன்னால் வைத்தான். மூடிக்குள், நடுவில், ஒரு பீடி, காகிதம்போலத் தட்டையாக அப்பிக்கொண்டிருந்தது. இலையின் நரம்புகூடத் தெரிந்தது.

என்ன நடந்தது என்று அவனே சொன்னான். தகரத்தைத் தள்ளும்போது வாயிலிருந்து பீடி நழுவிச் சட்டத்தின் மேல் விழுந்து, உருண்டு, பெட்டியின் வாயருகே போய்விட்டது. புதுப் பீடி. பிடிக்கக் கையை நீட்டிவிட்டான். அதே நேரம் கால் மிதித்துவிட்டது. விரல் பெட்டியில் இடித்து நின்றது, பீடி உள்ளே போனது, பஞ்ச் இறங்கியது. வலது கையைக் காட்டினான். மூன்று நகத்துக்குக் கீழே ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. அவ்வளவுதான்.

அந்தக் கையை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டேன், அந்தோணி பார்க்கிறான் என்றுகூட நினைக்கவில்லை. என் கண் நிறைந்துவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம்? அவனும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "அக்காகிட்ட சொல்லாதீங்க" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வீட்டில் அவன் வாசித்தான். நான் முன்வரிசையில் உட்கார்ந்து பாட்டைக் கேட்கவில்லை, விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுத்த நகமும் சேர்ந்து ஓடியது. வாசித்து முடித்து, ஹார்மோனியத்தை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதோடு சொன்னான்: "என்னை நம்பாம இருந்ததுக்கு உங்க டூலுக்கு ஒரு சலாம் சொல்லிடுங்க மச்சான்."

இத்தனை வருஷமும் எதையாவது பிடித்து வைப்பதற்குத்தான் கூலி வாங்கினேன், ஆனால் அதில் உருப்படியான வேலை என்று சொல்லிக்கொள்ள ஒரு மச்சினனை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்தது ஒன்றுதான் இருக்கிறது.