பரிசுப் பூக்களில் கட்டிய மணமாலை

என் தங்கையின் கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் வைத்து மாலைப் பெட்டியைத் திறந்தோம். சென்னையிலிருந்து விமானத்தில் வந்த பெட்டி. மூடியைத் தூக்கியதும் மணம் வரவில்லை, நாற்றம்தான் வந்தது. விமானத்தின் குளிரில் உறைந்து, பிறகு இளகி, மல்லிகை முழுவதும் தேத்தண்ணிச் சாயத்தில் தோய்த்தது போலப் பழுப்பாகியிருந்தது. ரோஜா இதழ்கள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தன.

தங்கை பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளையின் தமக்கை, அன்று எங்கள் வீட்டில் தங்கியிருந்தவர், இரண்டு கைகளையும் தலையில் வைத்தார். "இனி என்ன செய்யிறது? நாளைக்குப் பதினொரு மணிக்கு முகூர்த்தம். மாலை இல்லாமல் மணவறையில இருத்தேலுமே?"

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இன்றைக்குப் போல ஒரு போன் அடித்தால் மாலை வந்துவிடும் காலம் இல்லை. பக்கத்துப் பூக்கடைகளில் கேட்டோம். இரண்டு மாலைக்குப் போதிய கார்னேஷன் பூ திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். நான் ஹவுன்ஸ்லோவில் ஒரு பூப் பொதி செய்யும் கூடத்தில் வேலை செய்தேன். ஆனால் சனிக்கிழமை அது பூட்டு. பூட்டுக்குத் திறப்பு வைத்திருந்த ஒரே ஆள் எங்கள் மேற்பார்வையாளர், ஒரு வேல்ஸ்காரி. அவர் அன்று முழுக்க ஒரு தேவாலய மண்டபத்தில் நடக்கும் டாஃபடில் கண்காட்சியில் இருப்பார் என்று எனக்குத் தெரியும். வாரக்கணக்காக அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, காரை எடுங்கோ" என்றேன் கணவரிடம். "அவவைப் பிடிச்சால் கூடத்தைத் திறந்து கார்னேஷன் எடுக்கலாம்."

டாஃபடில் எனக்குப் புதிய பூ இல்லை. மூன்று வசந்தங்களாக அதைத்தான் கட்டுக்கட்டாக ரப்பர் வளையம் போட்டு அடுக்கியிருந்தேன். ஆனால் கடைக்குப் போகும் டாஃபடிலை மொட்டிலேயே கட்ட வேண்டும். பச்சைப் பென்சில் போல விறைத்து நிற்கும். விரிவதற்குள் லொறி ஏறிவிடும். விரிந்தால் மஞ்சளாக, ஊதுகுழல் போல நடுவில் ஒரு குழலோடு இருக்கும் என்று தெருவோரப் புற்களில் பார்த்ததுதான். ஒரே பூ, ஒரே நிறம். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மண்டபக் கதவைத் தள்ளியதும் நின்றுவிட்டேன். நீள நீளமாகக் கறுப்புத் துணி விரித்த மேசைகள். அவற்றின் மேல் ஒல்லிக் குவளைகளில் நூற்றுக்கணக்கான பூக்கள், ஒவ்வொன்றும் தலையை நிமிர்த்தி என்னையே பார்ப்பது போல. பால் வெள்ளையில் இளஞ்சிவப்புக் கிண்ணம் வைத்தது ஒன்று. இதழ்களைக் குதிரை காதை மடக்குவது போலப் பின்னால் மடக்கிக்கொண்டு நின்றது இன்னொன்று. ஒரே தண்டில் இரண்டு மூன்று பூக்களாக வெட்கப்பட்டுக் குனிந்து தொங்கியது ஒன்று. குழலே இல்லாமல் ரோஜா போல இதழுக்குள் இதழ் அடைத்தது. பாவாடை விரித்தது போல நடுக்கிண்ணம் மட்டும் பெரிதாகி, இதழ்கள் வெறும் நூலாகச் சிறுத்துப் போனது வேறொன்று. அது என் பெருவிரல் உயரம்கூட இல்லை. ஒரு மூலையிலிருந்து வாசம் வந்தது. கிட்டப் போனேன். மெல்லிய தண்டில் கொத்தாகப் பூத்த சின்ன மஞ்சள் பூக்கள். மல்லிகையும் தேனும் கலந்தது போல ஒரு மணம்.

வேல்ஸ்காரி என்னைக் கண்டதும் ஓடி வந்தார். நான் மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். கார்னேஷன், திறப்பு, நாளைக்கு முகூர்த்தம்.

"கார்னேஷனா?" என்றார், யாரோ அவரைத் திட்டியது போல. "உன்னைச் சுற்றிப் பார்."

"இது போட்டிப் பூக்கள். எப்படித் தருவார்கள்?"

"காலையிலேயே நடுவர்கள் பார்த்துவிட்டார்கள். நாலு மணிக்குப் பரிசு கொடுத்ததும் முடிந்தது. அதற்குப் பிறகு பாதிப் பூ குப்பைக்குத்தான் போகும். பொறு."

நாலு மணி வரை பொறுத்திருப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. அந்த நேரத்தில் அவர் என்னை மேசை மேசையாகக் கூட்டிக்கொண்டு போனார். குழல் இதழளவு நீளம் என்றால் ஒரு வகுப்பு, அதைவிடக் குட்டை என்றால் இன்னொன்று, கிண்ணம் வெறும் பொத்தானாகச் சிறுத்துவிட்டால் வேறொன்று. ஸ்பெயின் மலைகளில் தானாக முளைப்பவை ஒரு பக்கம், மனிதர் மகரந்தம் தடவி உண்டாக்கியவை ஒரு பக்கம். ஒரு விதை முளைத்து முதல் பூவைக் காட்ட ஐந்து வருஷம்கூட ஆகலாம் என்றார். வெள்ளை இதழும், நடுவில் சிவப்புக் கரை போட்ட குட்டிக் கண்ணுமாக இருந்த ஒன்றைக் காட்டினார்.

"இது எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பூப்பது. உன் தங்கைக்காகவே காத்திருந்திருக்கிறது."

பக்கத்தில் நின்ற நடுவர் ஒருவர் சிரித்துக்கொண்டு, இந்தப் பூவின் இலத்தீன் பெயருக்குப் பின்னால் உள்ள கதையைச் சொன்னார். அழகான இளைஞன் ஒருவன் தண்ணீரில் தன் முகத்தைத் தானே பார்த்து மயங்கி, அங்கேயே கிடந்து செத்துப் பூவானானாம். நான் திடுக்கிட்டேன். மாப்பிள்ளையின் கழுத்தில் போடப் போகும் பூ!

"அதை விடு" என்றார் வேல்ஸ்காரி. "எங்கள் ஊரில் மார்ச் முதலாம் தேதி எல்லோரும் இதைச் சட்டையில் குத்திக்கொள்வோம். குளிர் தோற்றுவிட்டது என்று அர்த்தம். கல்யாணத்துக்கு அது போதாதா?"

போதும் என்று முடிவு செய்தேன். வீட்டில் அந்த அர்த்தத்தை மட்டும் சொல்வது என்றும் முடிவு செய்தேன்.

பரிசு கொடுத்து முடிந்ததும் அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். என் தங்கையின் கதையைச் சொன்னார். மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சூடாகியது. ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தேன். அப்போது முன்வரிசையில் ஒரு கிழவர் எழுந்தார். ஓய்வுபெற்ற பஸ் சாரதியாம். அந்தக் கண்காட்சியின் சிறந்த பூ அவருடையது; உப்பைப் போன்ற வெள்ளை, நடுவில் பச்சைக் கண். மேசைக்குப் போய், குவளையிலிருந்து அதை எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டு வந்து என் கையில் தந்தார்.

"மணமகளுக்கு" என்றார்.

பிறகு மண்டபமே எழும்பியது. நாற்காலிகள் இழுபட்டன. யாரோ வாளி தேடி ஓடினார்கள். எல்லோரும் தங்கள் பூக்களைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். ஒரு மூதாட்டி தன் பூக்களைத் தந்துவிட்டு என் முழங்கையைப் பிடித்து, "ஒற்றைப் பூவாக மட்டும் வீட்டுக்குள் கொண்டு போகாதே, ஆகாது. கொத்தாகக் கொண்டு போனால் அதிர்ஷ்டம்" என்று எச்சரித்தார். நான் நிறைந்து வழியும் வாளிகளைக் காட்டினேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். காரில் என் மடியில் ஒரு வாளி, கால்களுக்கிடையில் ஒன்று, பின்னுக்கு மிச்சம். வேல்ஸ்காரி நாளைக்குக் கல்யாணத்துக்கு வருவதாகச் சொல்லிக் கையசைத்தார்.

வீட்டில் மாப்பிள்ளையின் தமக்கை வாளிகளைச் சுற்றி ஒரு முறை நடந்தார். "உதென்ன பூ பிள்ளை? சாமிக்கு முன்னால போடலாமோ?"

"இஞ்சத்தை வசந்தகாலப் பூ, மச்சாள். குளிர் தோத்துப்போச்சு எண்டு அர்த்தம்."

அவருக்கு அது போதவில்லை. கல்யாணத்தை நடத்தி வைக்கும் ஐயருக்கு நானே போன் எடுத்தேன்.

"என்ன நிறம்?" என்று கேட்டார் ஐயர்.

"மஞ்சளும் வெள்ளையும், ஐயா."

"வாசம் இருக்கோ?"

"ஓம் ஐயா, நல்ல வாசம்."

"பழசு இல்லையே?"

"இண்டைக்குப் பரிசு வாங்கின பூ."

அந்தப் பக்கம் சிரிப்பு. "பரிசு வாங்கின பூவோ! கொண்டு வாங்கோ, கொண்டு வாங்கோ."

எனக்கு இன்னொரு பயம் இருந்தது. டாஃபடில் தண்டிலிருந்து வடியும் பசை பொல்லாதது. கூடத்தில் கையுறை போடாமல் வேலை செய்த நாட்களில் என் மணிக்கட்டு முழுக்கச் சிவந்து தடித்திருக்கிறது. அந்தப் பசை கலந்த தண்ணீரில் வேறு பூவை வைத்தால் அதுவும் வாடிவிடும். மணமகளின் கழுத்தில் அது பட்டால்? மேல்மாடியில் குடியிருந்த மன்னார் அக்காவைக் கூப்பிட்டேன். தையல் வேலை செய்பவர், கத்தோலிக்கர். வாளிகளைக் கண்டதும், "ஐயோ, ஈஸ்டர் உயிர்ப்பு ஞாயிறுக்கு எங்கட பீடத்தில வைக்கிற பூவல்லோ!" என்றார். பிரச்சினையைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "கழுத்தில படாமல் பருத்தித் துணிப் பட்டி ஒண்டு அடிச்சுத் தாறன். அதின்ர மேல பூவைத் தை."

இரவு முழுக்கப் பூக்களைக் குளிர் தண்ணீரில் தோட்டத்தில் விட்டோம், பசை வடியட்டும் என்று. விடியற்காலை எழும்பி, கையுறை போட்டு, தண்டை ஒட்ட நறுக்கி, பூவுக்குக் கீழே இருக்கும் தடித்த முடிச்சில் ஊசி ஏற்றினோம். மன்னார் அக்கா பட்டியில் தைத்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். சிறிது நேரத்தில் மாப்பிள்ளையின் தமக்கையும் கையுறை கேட்டார்.

"இந்தச் சிவப்புக் கரைக்காரனை நடுவில வை, பிள்ளை. அந்த மடிச்சுக்கொண்டு நிக்கிறது ஓரத்துக்கு. வாசம் உள்ளது மூக்குக்குக் கிட்ட வரவேணும்."

இதழுக்குள் இதழ் அடைத்த பூக்கள் மாலையின் பதக்கமாயின. வாசக் கொத்துகள் தோளுக்குப் போயின. கிழவரின் வெள்ளைப் பூவை யார் மாலையில் வைப்பது என்று சின்ன வாக்குவாதம். மணமகளுக்குத்தான் அவர் தந்தார் என்று நான் உறுதியாக நின்றேன். தங்கை கூறைச் சேலைக்கு மாறுமுன் வந்து பார்த்தாள். மாலையைத் தொட்டுப் பார்த்து, "அக்கா, இப்ப அந்த மல்லிகை வந்தாலும் வேண்டாம்" என்றாள்.

லூயிஷாமில், கல்யாண மண்டபத்து மணவறைக்கு முன்னால் மாலை மாற்றியபோது ஒரு முணுமுணுப்பு எழுந்து பரவியது. கமராக்காரர் தாலியை விட்டுவிட்டு மாலையைப் படமெடுத்துக்கொண்டிருந்தார் என்று கணவர் இன்றைக்கும் சொல்வார். ஓமப் புகையில் சில பூக்கள் தலை தொங்கின. ஆனால் தாலி கட்டி முடியும் வரை மாலை மாலையாகவே நின்றது. தங்கையின் கழுத்தில் ஒரு சிவப்புக்கூட இல்லை. மாப்பிள்ளை மட்டும் ஒரு கண்ணாடியைக் கடந்தபோது நின்று தன்னை நன்றாகப் பார்த்துக்கொண்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வேல்ஸ்காரி பச்சைத் தொப்பி போட்டு வந்திருந்தார். வாழ்த்தச் சென்றவர் மாப்பிள்ளையின் நெஞ்சில் விரலை வைத்து, "இது ஒன்பதாம் வகுப்பு, இது நாலாம் வகுப்பு, இது என்னுடையதேதான்!" என்று எண்ணத் தொடங்க, பின்னால் வரிசை நீண்டது. யாரும் கோபிக்கவில்லை. பின்னால் நின்ற பிள்ளைகள் அவரோடு சேர்ந்து எண்ணினார்கள்.

சாப்பாடு முடிந்து அவர் புறப்பட்டபோது, மாப்பிள்ளையின் தமக்கை தம்பியிடம் போய் ஏதோ சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு தன் மாலையைக் கழற்றிக் கொடுத்தார். தமக்கை அதைக் கொண்டுபோய், தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில், "யூ டேக்" என்று வேல்ஸ்காரியின் கழுத்தில் போட்டுவிட்டார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் ரயில் நிலையம் வரை கூடப் போனேன். அவர் மாலையைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் விலகி வழிவிட, தொப்பியும் மாலையுமாக ரயிலில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே இருந்தவரிடம் ஏதோ ஒரு பூவைத் தொட்டுக் காட்டி விளக்கத் தொடங்கினார். ரயில் நகர்ந்தபோதும் அவர் வாய் ஓயவில்லை.