ஏழு மணிச் சேதி

தகரத்தில் துளைபோடும் இயந்திரத்தின் சத்தம் என் பல்லைக் கூசவைத்தது. அம்பத்தூரில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில், எங்கள் வீட்டு வாசலுக்குக் குறுக்கே இரண்டு பேர் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசித் தகரமும் ஏறியதும் கூடம் பட்டப்பகலில் இருண்டுபோனது. பொதுமுடக்கத்தின் முதல் கோடை அது. எனக்குப் பதின்மூன்று வயது. அம்மா தொற்று உறுதியாகி உள்ளறையில் படுத்திருந்தாள். அப்பாவுக்கும் எனக்கும் இல்லையென்று வந்திருந்தாலும், பதினான்கு நாள் மூவருமே வெளியே வரக்கூடாது என்றார்கள். வீட்டையே வெளியிலிருந்து அடைப்பார்கள் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அப்பாவுக்கும் தெரியாது போலும். மடிக்கணினி அணைந்துபோனதைக்கூடக் கவனிக்காமல் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

தருமபுரியிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத எங்களுக்கு அந்தக் கட்டடத்தில் நெருக்கமானவர் என்று யாருமில்லை. ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு, பின்பக்க பால்கனிக்குக் கீழே ஒரு குரல் கேட்டது. தரைத்தளத்து ஸ்டெல்லா ஆன்ட்டி. எஸ்டேட் என்று எல்லாரும் சொல்லும் தொழிற்பேட்டையிலிருந்த ஒரு கம்பெனிக்கு வீட்டிலேயே முகக்கவசம் தைத்துக் கொடுப்பவர். அதுவரை மாடிப்படியில் பார்த்தால் சிரிப்பதோடு சரி. "கொடிக்கயித்துல ஒரு கூடையக் கட்டி எறக்கு பாப்பா" என்றார். இறக்கினேன். பாலும் இடியாப்பமும் ஒரு கட்டுக் கீரையும் மேலே வந்தன.

அன்றுமுதல் தினமும் ஏழு மணிக்குக் கூடை இறங்கியது. அம்மாவின் காய்ச்சலைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்பார். பிறகு, "மேலேர்ந்து இன்னா தெரியுது? எதுனா சேதி சொல்லு" என்பார். முதல் நாள் எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. அந்த வெட்கத்தில்தான் பார்க்கத் தொடங்கினேன். பின்னாலிருந்த காலி மனையில் ஒரு வாதாம் மரம், ஒரு தண்ணீர்ப் பள்ளம், இடிந்த சுவர், அவ்வளவுதான். ஐந்தரைக்கு எழுந்து உட்கார்ந்தால், சுவர்மேல் ஒரு கீரி இரண்டு குட்டிகளோடு போகும். கிளிகள் வாதாம் பழத்தைக் கடித்துப் போட்டுவிட்டுச் சண்டை பிடிக்கும். உடம்பெல்லாம் கறுப்பும் இறக்கை மட்டும் செம்மண் நிறமுமாக ஒரு பறவை புதரில் நடந்து திரியும். அதன் பெயர் எனக்கும் தெரியவில்லை, ஆன்ட்டிக்கும் தெரியவில்லை. "செவப்பு சட்டக் காக்கா" என்று அவரே பெயர் வைத்தார். அங்கே உட்கார்ந்திருக்கும்போது அம்மாவின் இருமல் எங்கோ தள்ளிக் கேட்பதுபோல் இருக்கும். மத்தியானம் அவள் தட்டை அறைவாசலில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்று, அதே சேதிகளை மூடிய கதவுக்குச் சொல்வேன்.

ஒன்பதாம் நாள் அந்தப் பறவையை ஒரு காகிதத்தில் வரைந்து, அப்பாவுக்குத் தெரியாமல் கூடையில் போட்டு அனுப்பினேன். கூடையைத் தவிர எங்கள் வீட்டுப் பொருள் எதுவும் கீழே போகக்கூடாது என்பது அவர் கட்டளை.

பன்னிரண்டாம் நாள் ஏழு மணிக்குக் குரல் வரவில்லை. அப்பா தொலைபேசியில் விசாரித்தார். மூச்சுத் திணறலென்று ஆன்ட்டியை விடியற்காலையில் அழைத்துப் போயிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து அப்பா தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு, "ஸ்டெல்லா ஆன்ட்டி போயிட்டாங்கம்மா" என்றார். எங்கே என்று கேட்டேன். அப்போது அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கத் தொடங்கியிருந்தாள். எங்கள் பயம் முழுவதும் அந்த அறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது; ஆன்ட்டிக்காக நாங்கள் யாரும் ஒரு நிமிடம்கூடப் பயந்திருக்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு என் கைகள் கூடையை இறக்கிவிட்டன. அது கீழே சிறிது நேரம் தொங்கியது. பிறகு இழுத்துக்கொண்டேன். அழக்கூட வரவில்லை.

அந்தக் காகிதம்தான் அவரைக் கொன்றது என்று நான் முடிவு செய்துவிட்டிருந்தேன். தகரத்தைப் பிரித்த அன்று யாரிடமும் சொல்லாமல் கீழே இறங்கி, அவர் கணவர் அந்தோணி அங்கிளின் வாசலில் நின்று, நான்தான் காகிதம் அனுப்பினேன் என்றேன்.

"அவ தச்சதக் குடுக்க தெனம் எஸ்டேட்டுக்குப் போய் வந்துகினு இருந்தா பாப்பா. யாராண்டேர்ந்து வந்துச்சுன்னு டாக்டருக்கே தெரியாது" என்றார். பிறகு, "நீ சொல்றத கேட்டுகினு வந்து, காப்பி குடிக்கறப்போ எனக்குச் சொல்லுவா. அந்தக் கீரிக்குட்டி இப்போ எப்டி கீது?" என்று கேட்டார். ஆன்ட்டி போனதிலிருந்து நான் பார்க்கவே இல்லை. நன்றாக இருக்கிறது என்றேன்.

இன்று அந்த மனையில் நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது. வாதாம் மரமும் பள்ளமும் போய்விட்டன. அங்கிள் ஐயப்பன்தாங்கலில் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்தப் பறவையின் பெயர் செம்போத்து என்று பத்தாம் வகுப்பில் தெரிந்துகொண்டேன். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. இப்போது கல்லூரியில் படிக்கிறேன். போன வாரம் மின்சார ரயிலில் தோழிகள் பொதுமுடக்கத்தைப் பற்றி, ஏதோ நீண்ட விடுமுறையைப் போலச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி என் பக்கம் திரும்பி, "உங்க வீட்ல யாருக்காவது வந்துச்சாடி?" என்று கேட்டாள்.

"அம்மாவுக்கு வந்துச்சு. சரியாயிடுச்சு" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு அடுத்தவளிடம் கேட்கப் போனாள். பதில் சரியானதுதான், அவள் கேட்டது எங்கள் வீட்டைப் பற்றி மட்டும்தான். அம்பத்தூரில் இறங்கி, ரயில் போன பிறகும் நடைமேடையிலேயே நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்.