நாலு மில்லிமீட்டர்

தொண்ணூறுகளின் நடுவில், ஆறாவது படிக்கும்போது, மாமல்லபுரத்தில் ஒரு பாறையிலிருந்து குதித்து இடது கணுக்காலை முறித்துக்கொண்டேன். யாரும் தள்ளவில்லை, எல்லாம் என் திமிர்தான். செங்கல்பட்டு எலும்பு டாக்டர் மாவுக்கட்டு போட்டார். பிள்ளைகளுக்கு எலும்பு நுனியில் வளர்வதற்கென்றே ஒரு குருத்து இருக்குமாம், விரிசல் அதில் விழுந்திருக்கிறதாம். குருத்து கெட்டால் அந்தக் கால் குட்டையாக நின்றுவிடலாம், ஒரு வருஷம் கவனமாகப் பார்க்கணும் என்றார்.

பார்க்கணும் என்றதை அப்பா அளக்கணும் என்று எடுத்துக்கொண்டார். அணுமின் நிலையத்தில் கருவிகளைச் சரிபார்க்கிற வேலை அவருக்கு. எதையும் மூன்று தடவை அளக்காமல் நம்ப மாட்டார். கட்டு பிரித்த பிறகு மாதாமாதம் ஒரு ஞாயிறு, அணுபுரம் குவார்ட்டர்ஸ் ஹாலில் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு கால்களிலும் இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால்வரை அம்மாவின் தையல் டேப்பைப் பிடித்து, அளவை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். டிவியில் என்ன ஓடினாலும் தலையைத் திருப்பக் கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏழாவது மாதம், தையல் டேப்பை நம்ப முடியாது என்று ஸ்டீல் டேப் வாங்கி வந்தார். வாங்கிய அன்றே இரண்டு காலுக்கும் நாலு மில்லிமீட்டர் வித்தியாசம். மூன்று தடவையும் அதே நாலு. அப்பா சாப்பிடவில்லை. பொம்பளப் புள்ளையாச்சே என்று அம்மா தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதுவரை விளையாட்டாக இருந்த எனக்கும் பயம் பிடித்துவிட்டது.

மறுநாள் அப்பா லீவு போட்டு, மூவரும் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினோம். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். அப்பாவின் நோட்டையும் பொறுமையாகப் புரட்டி, எந்தக் கால் குட்டை என்று கேட்டார். அப்பா எட்டிப் பார்த்தார். வலது கால். அடிபடாத கால்! வித்தியாசத்தைக் கண்டு பதறிய மனுஷன், எந்தப் பக்கம் என்று பார்க்கவே இல்லை.

குருத்து நன்றாக ஆறிவிட்டது, இந்த நாலு மில்லிமீட்டர் பலருக்கும் பிறவியிலேயே இருப்பதுதான் என்றார் டாக்டர். அப்பா நம்புவாரா? டாக்டர் அவரையே படுக்கச் சொல்லி, அப்பா கையோடு கொண்டுவந்திருந்த அதே ஸ்டீல் டேப்பால் அளந்தார். வலது கால் ஆறு மில்லிமீட்டர் குறைவு.

“உங்க பொண்ணு உங்கள அப்படியே உரிச்சு வெச்சிருக்கா, சார்.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். வராந்தாவில் அவள் சிரித்தது உள்ளே வரைக்கும் கேட்டது.

பிறந்ததிலிருந்து எல்லோரும் என்னை அம்மா ஜாடை என்றே சொல்லிவந்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில், முன்பின் தெரியாத பக்கத்து சீட்டுக்காரரிடம் அப்பா தானாகவே என்னைக் காட்டிச் சொன்னார்: “என் பொண்ணுங்க. அப்படியே என்னை மாதிரி.”